பக்கத்து மேசையில் குணசேகரன்

நாம் மூன்று மாதம் தூக்கம் கெட்டு எழுதியதை, பக்கத்து மேசைக்காரன் மூன்று வரியில் திருத்தி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிற தொழிலுக்குக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி என்று பெயர். உங்களுக்கும் அப்படி ஒரு பக்கத்து மேசைக்காரன் வாய்த்திருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஓரினம்.

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆராய்ச்சி உதவியாளன். சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று போய், அவர்களுக்கு வேண்டிய புரோகிராம் எழுதித் தர வேண்டும். கூட வேலை பார்த்தவன் குணசேகரன். இருவருமே தற்காலிகம். முடிவில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை என்று எங்கள் தலைவியான பேராசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும் என்று அம்பத்தூரில் பஸ் ஏறும்போது வேண்டிக்கொள்வேன். அது குணாவாக இருந்துவிடக் கூடாது என்று இறங்கும்போது வேண்டிக்கொள்வேன்.

ஊரே ஒரு நாளில் பிறந்தது

ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்கு, எந்தக் குழந்தைக்கு என்றைக்குத் தடுப்பூசி என்று பட்டியல் போடும் புரோகிராம் எழுதினேன். பிறந்த தேதியைக் கொடுக்காவிட்டால் அது அடுத்த வரிக்கே நகராது. அந்தக் கண்டிப்பில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் தாய்மார்கள் தேதியா சொன்னார்கள்? “ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்னாடி” என்றார்கள். “ஏரி ஒடஞ்சுதே, அதுக்கு மறுவாரம்” என்றார்கள். நர்ஸம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர்கள் செய்கிற மாதிரி, எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். என் பட்டியலும் அத்தனை பேரையும் ஒரே காலையில் வரச் சொல்லிவிட்டது. மருந்து பத்தாமல் பாதிப் பேர் திட்டிக்கொண்டே திரும்பினார்கள்.

குணா வந்தான். தாய்மார்களோடு வராந்தாவில் குந்தி, ஊர்த் திருவிழா, மழை, வெள்ளம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டான். திருவிழாவின் பெயரைத் தட்டினால் தேதி தானே வருகிற மாதிரி செய்துவிட்டான். நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்தத் தம்பியை மொதல்லயே கூட்டினு வந்திருக்கலாமே சார், எனக்கு ரெண்டு மாசத் தலவலி மிச்சமாயிருக்குமே!”

கழுதை

அடுத்தது பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கணக்குப் பாடம். விடை சரியென்றால் திரையில் ‘சரி’ என்று வரும். தப்பென்றால் ஒரு கழுதை வாலை ஆட்டிக்கொண்டு திரையைக் கடக்கும், ‘பீப்’ என்று கத்தவும் செய்யும். பிள்ளைகள் வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்பது என் கணிப்பு. நடந்தது வேறு. எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் தொண்ணூறு என்று தட்டிவிட்டுக் கழுதைக்காகக் காத்திருந்தார்கள். முதல் ரேங்க் வாங்குகிற பெண்கூட ஒரு கணக்கையும் சரியாகப் போடவில்லை.

குணா எதையும் புதிதாக எழுதவில்லை. சரியான விடைக்குக் கழுதை, தப்புக்கு வெறும் ‘தப்பு’ என்று இடம் மாற்றி வைத்தான், அவ்வளவுதான். மறுவாரமே வாய்ப்பாடு மனப்பாடம். டீச்சர் கள்ளங்கபடில்லாமல்தான் கேட்டார்: “இவ்வளவு சுலபமா சார்? அப்போ நீங்க மூணு மாசமா என்ன பண்ணினீங்க?”

ஆறுதல் தேடிப் போன இடம்

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் கொட்டினேன். கட்டியவள் நம் பக்கம்தானே பேசுவாள் என்ற நம்பிக்கை. கழுதைக் கதையில் அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அந்த குணா அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாங்க? எங்க சித்தி பொண்ணு ஒருத்தி கீறா.”

சிவப்பு மை

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் எழுதிய புரோகிராமை மடிப்புத் தாளில் அச்சடித்து, மற்றவன் வரி வரியாகப் படித்து, கடைசித் தாளில் சிவப்பு மையில் ‘பார்த்தேன், சரி’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் அது வெளியே போகும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் உலைக்குக் குணா எழுதியதை அப்படித்தான் படித்தேன். உலையின் சூட்டை நொடிக்கு நொடி பார்த்து, எல்லை மீறினால் மணியடிக்க வேண்டும். அவன் எழுதியது முதலில் சூட்டை எடுத்தது, அதைப் பிரிண்டரில் ஒரு வரி அடித்தது, பிறகுதான் எல்லை மீறியதா என்று பார்த்தது. பிரிண்டரில் தாள் தீர்ந்தால் கம்ப்யூட்டர் தாளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். மணி அடிக்கவே அடிக்காது. இதைக் கண்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். மறைப்பானேன்? பேராசிரியை முன்னால் அவன் ஒருமுறை தலைகுனியட்டும், வேலை எனக்கு வரட்டும், வேறு என்ன கெட்டுவிடப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். குணா அதை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் மடித்தான்: “நீ பாத்துட்டியா? அப்ப எனக்கு இன்னா கவலை மச்சான், வா, டீ சாப்புடுவோம்.”

தாள் தீர்ந்தது

புரோகிராமைத் தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டும் நாள். முதலாளியும் பேராசிரியையும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரிண்டரின் பெட்டியில் தாள் கடைசி மடிப்புகளுக்கு வந்துவிட்டதை நான் ஒருவன்தான் கவனித்தேன். சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. தாள் தீர்ந்தது, பிரிண்டர் நின்றது, திரையில் சூட்டைக் காட்டிய எண்ணும் மாறாமல் நின்றது. அது பத்திரமான எண் என்பதால் எல்லோரும் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போனது.

உலைக்காரர் ஏழுமலை கம்ப்யூட்டரை நம்பியவர் இல்லை. ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தவர் ஓடிப்போய் எண்ணெய்க் குழாயை மூடினார். அவசரத்தில் உலைச் சுவரில் கை பட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: “இன்னா சார், உங்க பொட்டி தூங்கினு கீது, ஒல வெள்ளையா கொதிக்குது, இத்தினி பேர் கீறீங்க, ஒருத்தர் கண்ணுலயுமா படல?”

பஸ் நிறுத்தத்தில்

ஏழுமலையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, “இதைச் சரி பார்த்தது யார்?” என்று பேராசிரியை கேட்டார். நான் குனிந்து காலியான தாள் பெட்டியைத் துழாவினேன். அதற்குள் குணா முந்திக்கொண்டான். “தப்பு என்னோடது மேடம். அவன் பார்த்து முடிச்சப்புறம் அந்த இடத்தை நான்தான் மாத்தி எழுதினேன்.” அவன் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மடிப்புத் தாளை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்துபோயிருக்கும். ஆனால் குணா சொன்னால் யாரும் மறுபடி சரி பார்ப்பதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் அதற்காக எனக்குக் கொஞ்சம் எரிந்தது.

வேலை எனக்கு வந்தது. அவன் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில், ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே சொன்னான்: “நீ குடும்பஸ்தன், அதான். உன் கண்ணுல படாம பூட்டுச்சு, அதுக்கு இன்னா பண்றது? பட்டிருந்தா நீ சொல்லாம உட்டிருப்பியா மச்சான்?”

நிரந்தர வேலையில் இருந்து நானும் மரியாதையாக ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் குணசேகரன் எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் இரண்டு வாய்ச் சோறு குறைவாகத்தான் இறங்குகிறது.