ராசாவின் முடியும் செருப்புப் பசையும்

கூத்தில் எனக்கு எப்போதும் கட்டியகாரன் வேஷம்தான். ராசா வருகிறார், வழிவிடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துவது என் வேலை. அதனால் என் தங்கச்சி கேதீஸ்வரியின் கதையையும் மெல்லமாகச் சொல்ல எனக்கு வராது. கத்தித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாவியின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். கேதி பள்ளிக்கூடப் பைகள் தைப்பாள், கலியாண வீட்டு மணவறைச் சோடினைகளும் செய்வாள். கையில் கத்தரிக்கோல் கிடைத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி தேவையில்லை. அவள் புருஷன் நிலோஜன்தான் எங்கள் கூத்தின் ராசா. அவன் ஆடினால் கூத்தாடும் களரி அதிரும். ஆனால் அந்த ராசாவின் முடி இருக்கிறதே, மரத்தில் செய்து கண்ணாடி பதித்த பழைய கிரீடம், அதைத் தலையில் ஏற்றினால் கழுத்தைத் திருப்ப ஏலாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் ராசா உடம்போடுதான் திரும்புவார். போன முறை ஆடி இறங்கியவனுக்குக் கழுத்துப் பிடித்து, கை விறைத்து, ஆஸ்பத்திரிவரை கொண்டுபோக வேண்டியதாயிற்று. இனித் தலையில் பாரம் ஏற்றவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"அப்ப நான் ஆடல்ல மச்சான், வேற ஆளப் பாருங்க" என்று நிலோஜன் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. கேதிக்குக் கோபம்தான் வந்தது.

"பாரமில்லாத முடி நான் செஞ்சி தாறன். நீங்கதான் ராசா" என்றாள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் நுரை றப்பரை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பெரிய பெரிய கவசமெல்லாம் செய்து போட்டுக்கொண்டு திரிகிற வீடியோ ஒன்றை அவள் போனில் பார்த்திருந்தாள். செருப்புக்கு அடியில் போடுகிற அதே சாமான்தான். காத்தான்குடியில் ஹமீட் நானாவின் கடையில் தாள் தாளாகக் கிடந்தது. நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தேன், கூடவே ஒரு பெரிய தகர ரின் செருப்புப் பசையும். நுரை றப்பர் முழுவதையும் ஒரு விரலில் தூக்கலாம்! எனக்கு வழியெல்லாம் கூத்துப் பாட்டுத்தான்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. துறைக்கு அங்கால் உள்ள ஊரிலும் எங்களைப் போலவே அறுவடைக்குப் பிறகு கூத்து. அரங்கேற்றத்துக்கு முன் எங்கள் உடுப்பை அவர்கள் கண்ணில் காட்டுவதா? செத்தாலும் காட்டமாட்டோம். கேதி அறையின் யன்னலைச் சாத்தினாள், கதவைப் பூட்டினாள், கதவின் அடி இடைவெளியில் பழைய சேலையைச் சுருட்டிச் செருகினாள். அதற்குள் இருந்து முடிக்கும் தோள் கவசங்களுக்கும் வெட்டினாள், சின்ன மெஷினால் ஓரங்களை உரோஞ்சி மழுக்கினாள், பசை பூசினாள். கறுப்புத் தூள் பறந்தது. மூக்குக்கு ஒரு துணி மாஸ்க், அதுவும் கொரோனாக் காலத்து மிச்சம்.

முடி அழகாக எழும்பியது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கேதிக்குத் தலையிடி தொடங்கியது. பிறகு வாந்தி வருகிற மாதிரி ஓங்காளம். பிறகு எழுந்தால் தலை சுற்றியது. அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"இது கண்ணூறு. அங்கால உள்ளவனுகள் ஆரோ மோப்பம் புடிச்சிட்டானுகள்" என்றாள் எங்கள் அம்மா சீதேவிப்பிள்ளை. அம்மா ஒன்றைச் சொன்னால் அது கல்வெட்டு. நானும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம் அம்மா சட்டியில் சிரட்டைத் தணல் எடுத்தாள். கையில் உப்பும் செத்தல் மிளகாயும். நானும் நிலோஜனும் பின்னால் போனோம். அறைக்கதவைத் திறந்ததும் பசை மணம் மூஞ்சியில் அடித்தது. கேதி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பசை ரின் திறந்தபடி. அம்மா அவள் தலையைச் சுற்றி உப்பையும் மிளகாயையும் தணலில் போட்டாள்.

மிளகாய் வெடித்தது. அவ்வளவுதான்! புப்பென்று ஒரு நீலச் சுவாலை நிலத்தோடு ஓடி ரின்னின் வாயில் ஏறி நின்றது. நான் கட்டியகாரனாக இருந்தும் என் தொண்டையில் சத்தம் வரவில்லை. நிலோஜன் தன் கழுத்தை நினைக்கவேயில்லை, கேதியை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தான். நான் அம்மாவை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, வாசலில் கிடந்த ஈரச் சாக்கை ரின்னின் மேல் எறிந்தேன். பிறகு மண், மண், மண். நெருப்பு அடங்கியபோது ஒரு தோள் கவசம் உருகிப்போயிருந்தது. முடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் முன்மயிர் மட்டும் சுருண்டிருந்தது.

முற்றத்தில் வாவிக் காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் கேதி கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்டாள். தலையிடி போய்விட்டதாம்.

"பாத்தியளா? கண்ணூறு கழிச்ச உடனே சுகம்!" என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் சிரித்துவிட்டோம்.

நிலோஜன் சிரிக்கவில்லை. கேதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியும் வேணாம் ஒண்டும் வேணாம், கேதி. நீ உசிரோட இரு, அது போதும்" என்றான். அவள் என்னைத்தான் பார்த்தாள். முடியை இவள் விடமாட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் வேறு பசை கேட்டு நான் ஹமீட் நானாவின் கடையில் நின்றேன்.

நடந்ததைக் கேட்டதும் மனுசன் கல்லாவை விட்டே எழும்பிவிட்டார். "யா அல்லாஹ்! பூட்டின அறைக்குள்ள இந்தப் பசையா? இதிர ஆவிதான் தலையச் சுத்த வெச்ச. அதேதான் நெருப்பையும் இழுத்த. நான் செருப்பு ஒட்டக்குள்ள ரெண்டு கதவையும் தொறந்து வெச்சிட்டுத்தான் ஒட்டுவன். துணி மாஸ்க் இந்த மணத்துக்குக் காணாது தம்பி" என்று ஏசினார். ஏசிக்கொண்டே, வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் போடுகிற, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த மாஸ்க் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். கண்ணுக்குக் கண்ணாடியும் தந்தார்.

அதன்பிறகு கேதியின் பட்டறை வாவிக்கரைப் புங்கை மரத்தடி. காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து வந்து மணத்தையும் தூளையும் அப்பால் கொண்டுபோகிற மாதிரி இருந்துகொண்டாள். மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டால் தும்பி மூஞ்சி. பீடி பற்றவைத்துக்கொண்டு வந்த ஒருவரைத் துறைவரை துரத்தினாள். சூடு உள்ளே தங்காமலிருக்க முடியின் உச்சியில் காற்றுத் துளைகள் வைத்தாள். பசை நன்றாகக் காய்ந்து மணம் போகும்வரை நிலோஜனைத் தொடவே விடவில்லை.

இரகசியம்? அது காற்றோடு போயிற்று! அங்கால் ஊர்க்காரர்கள் தோணியில் வந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரே இறங்கி வந்து முடியை வாங்கி, கையில் ஏந்திப் பாரம் பார்த்தார்.

"மகள், எங்கட ராசாவுக்கும் கழுத்து நோகுதுகா" என்றார் கடைசியில்.

"செஞ்சி தாறன். ஆனா உங்கட ஆக்கள் வந்து, இப்பிடி வெளிக் காத்துக்குள்ள இருந்துதான் பழகணும்" என்றாள் கேதி.

அரங்கேற்றத்தன்று பொழுதுபட்டதும் களரியைச் சுற்றிச் சனம் திரண்டது. வழக்கப்படி பூசாரியார் கற்பூரத் தட்டோடு முடியின் பக்கம் வந்தார். கேதி வாய் திறக்கமுன் அம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"அங்கயே நில்லுங்க ஐயா! சாமி தூரத்தில இருந்தும் பாக்கும். முடிக்குக் கிட்ட நெருப்புக் கொண்டுவர ஒண்ணா!"

கல்வெட்டு மாறிவிட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பூசாரியார் எட்ட நின்றே கற்பூரம் காட்டினார்.

மத்தளம் முழங்கியது. நான் என் உயிரையெல்லாம் தொண்டையில் கூட்டி, ராசா வாறார் என்று கத்தினேன். நிலோஜன் பாய்ந்து வந்தான், சுழன்றான், களரி அதிர்ந்தது. ஒரு சுற்று முடிந்து எல்லா ராசாக்களும் நேரே பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில் அவனும் நின்றான். பிறகு உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி, சனத்துக்குள் தேடி, கேதியைப் பார்த்தான்.