தட்டிப் பார்க்கிற வேலை

ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். பெங்களூரில் கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் தூக்கினேன். எட்டு வருடம் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஹவுஸ் என்கிற ஆட்ட இசையை, நாலு அடியும் சமமாக விழுகிற அதை, அங்கேதான் ஒரு பழைய லேப்டாப்பில் செய்யக் கற்றுக்கொண்டேன். அங்கும் இருப்புக்கொள்ளாமல் விருத்தாசலம் வந்து ஒரு பீங்கான் பட்டறையில் சேர்ந்தேன்.

சூளையிலிருந்து வரும் கப்புகளை ஒவ்வொன்றாக விரலில் தொங்கவிட்டுக் குச்சியால் தட்ட வேண்டும். நல்ல கப்பு மணி போல நீளமாகக் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொக்'கென்று அடங்கிவிடும். அதை உடைசல் தொட்டியில் போட வேண்டும். அந்தச் சத்தங்களை போனில் பதிந்து தாளத்தோடு கோத்தேன். பெங்களூரில் இசை வெளியிடும் ஒருவருக்கு ஒன்றை அனுப்பினேன்.

"கதகதப்பா இருக்குங்க, மிஷின் போட்ட மாதிரியே இல்ல. இன்னும் நாலு குடுங்க, சேத்து வெளியிடலாம்" என்றார்.

நாலையும் முடிக்க ஒரு வருடம் ஆனது. மண் அரைக்கும் உருளையின் இரைச்சலை மீற ஹெட்போனைச் சத்தமாக வைத்தே செய்தேன். அனுப்பிய மறுநாள் அவர் போன் செய்தார்.

"என்னங்க ஆச்சு? காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு. இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா விட்டுடுவோம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மணிச்சத்தம் மங்கலாக இருக்கிறதே என்று நான்தான் ஏற்றி ஏற்றி வைத்திருந்தேன்.

அந்த வாரமே, அடுத்த மேசையில் பேக்கிங் செய்யும் அக்கா என் உடைசல் தொட்டியிலிருந்து ஒரு கப்பை எடுத்துத் தட்டினார்.

"இதுக்கு இன்னாடா கொறச்சல்?"

"டொக்குன்னு கேக்குதேக்கா."

"யாருக்கு? எனக்கு கணீர்னு கேக்குது. காதுல களிமண்ண அப்பிக்கினு வந்தியா?"

சிரித்தபடியே இன்னும் பத்தை எடுத்துத் தட்டினார். அப்புறம் சிரிக்கவில்லை. பத்தில் ஒன்பது நல்ல கப்பு. காலையில் போட்டவற்றை ஏற்கெனவே நொறுக்கியிருந்தார்கள்.

மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன். பெட்டிக்குள் வைக்கோல் திணிக்கும் வேலைக்கு மாற்றினார். காது டாக்டர், இரைச்சலிலேயே இருந்ததில் மணி மாதிரிக் கணீரென்று ஒலிக்கும் மேல்சத்தம் மட்டும் கேட்காமல் போய்விட்டது, போனது போனதுதான், இனி திரும்பாது என்றார்.

மாதக் கடைசி நெருங்கியபோது, மதியச் சாப்பாட்டு வேளையில் ஹெட்போனை அக்காவின் காதில் மாட்டிவிட்டேன்.

"எப்படிக்கா?"

"அய்ய, பல்லு கூசுதுடா!"

மேல்சத்தத்தைக் குறைத்தேன்.

"இப்ப?"

"இன்னும் கூசுது."

குறைத்துக்கொண்டே போனேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கால் பெருவிரல் தரையில் தாளம் போட ஆரம்பித்தது.

"நல்லாருக்குதுடா. இப்படியே வுடு."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஒரு கப்பு விடாமல் எல்லாமே விரிசல் விட்ட கப்பாகக் கேட்டது. அதில் கை வைக்காமல் அப்படியே அனுப்பினேன்.