கழுத்தில் ஒரு லேபிள்

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். திருப்பூரில் இருபது மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறவள் நான். வெட்டி வைத்த துணி பீஸை மிதித்துக்கொண்டு நடந்த ஹெல்பருக்கு முதுகில் ரெண்டு வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் விளையாட்டுக் குழுவுக்குத் தன்னார்வலராகப் போனதில் என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு.

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், ஒரு மண்டபத்தின் மாடியில். ஆறு குழந்தைகள், ஆளுக்கொரு துணை. பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்தான் அதை நடத்தினார். குழந்தை அடிக்கும், கிள்ளும், கடிக்கும். என்ன ஆனாலும் நாம் கை ஓங்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கடித்தால் கையை இழுக்காதீர்கள், சதை பிய்ந்துவிடும், அசையாமல் இருங்கள் என்றார்.

எனக்கு வாய்த்தவள் எட்டு வயதுப் பெண். பேச்சு வராது. முதல் மாதம் என் முடியைக் கொத்தாகப் பிடுங்கினாள். தலையால் முட்டி மூக்கில் ரத்தம் வரவைத்தாள். பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் ஒருநாள் பந்தை என் பக்கம் உருட்டிவிட்டாள். அன்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அவளைக் கூட்டிவரும் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாசலிலேயே நிற்பார், பேசவே மாட்டார். சில வாரங்களில் அவள் தொடையில் பெல்ட் தடம் இருக்கும். அந்த ஆளை நாலு அறை விட வேண்டும் என்று கறுவிக்கொள்வேன்.

குழுவின் ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் டி-ஷர்ட் தைத்துத் தருகிறேன் என்றேன். கழுத்தில் லேபிள் எதுவும் வைக்க வேண்டாம் என்றார் குழுவை நடத்துகிறவர். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் லேபிள் இல்லாத துணி என்றால் செகண்ட்ஸ், பழுதென்று கழித்து ரோட்டோரம் குவித்து விற்பது. இந்தப் பிள்ளைகள் மட்டும் செகண்ட்ஸா? ஏன் வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை. ஏற்றுமதிக்கு வைக்கிற நெய்த லேபிளை வாங்கி, பிய்ந்து வராதபடி நானே இரட்டைத் தையல் போட்டேன்.

விழா அன்று சட்டையை மாட்டிய ஐந்தாவது நிமிடம் அவள் அலற ஆரம்பித்தாள். தலையைச் சுவரில் மோதினாள். பிடரியை நகத்தால் பிறாண்டினாள். தோல் உரிந்து சட்டைக் கழுத்து சிவந்தது. தடுக்கப் போன என் முன்கையில் அவள் பல் இறங்கியது. அசையாமல்தான் இருந்தேன். அவள் விடவில்லை. வலி உச்சந்தலைக்கு ஏறியது. ஓங்கி அறைந்துவிட்டேன்.

அவள் கீழே விழுந்தாள். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். நடத்துகிறவர் ஓடிவந்து கத்தரியால் சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டி எறிந்தார். அலறல் அந்த நொடியே நின்றது. இவளுக்கு லேபிள் உரசினால் தீக்கங்கு வைத்த மாதிரி இருக்கும், அதனால்தானே வேண்டாம் என்றேன் என்றார். பிடரியில் லேபிள் பட்ட இடம் பச்சைப் புண்ணாக இருந்தது.

சத்தம் கேட்டு அப்பா மேலே வந்தார். மகள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. யார் அடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அடிப்பார் என்று நின்றேன்; அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

“எனக்குக் கை நிக்காதுங்க. ஊட்டுல அடிச்சுப்போடறனுங்க,” என்றார். “இங்க ஆரும் அடிக்க மாட்டாங்கன்னுதானுங்க வாராவாரம் கூட்டியாந்தேன்.”

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. விலாசம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே பெல்ட் விழும் சத்தமும் அவள் அலறலும் கேட்டன. கதவை இடித்தேன். பெல்ட்டும் கையுமாக அவரே திறந்தார்.

பிள்ளையை அடிக்காதீர்கள் என்றேன்.

“நீங்களாங்க சொல்றது?” என்று கேட்டார், மரியாதை கொஞ்சமும் குறையாமல்.