மதாம் செய்த தப்புகள்

எனக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று சின்ன வயதில் அம்மா சொல்லாத நாளில்லை. உட்கார்ந்து சாப்பிட மாட்டேன், உட்கார்ந்து படிக்க மாட்டேன், கோயிலுக்குப் போனால் ஓடிக்கொண்டே சாமி கும்பிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கூட்டாளி கிடைத்தார். வயது அறுபதுக்கு மேல். கணக்குப் பேராசிரியர். அவராலும் ஓரிடத்தில் உட்கார முடியாது.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை உண்டு. குடியிருந்தவர்கள் அப்போதுதான் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்து எம்.எஸ்சி. கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஒரு மாதம் பாடம் நடத்தப்போகிறார், தங்குவதற்கு நல்ல வீடாக வேண்டும் என்று அவள் கல்லூரியில் விசாரித்தார்கள். சித்தி வந்து கேட்டாள். அப்பா சரி என்றார். "மீன் சாப்புடுவாங்களா, கேளு" என்றாள் அம்மா. சாப்பிடுவார் என்று தெரிந்ததும் அம்மாவும் சரி என்றாள்.

வந்தவர் நார்வேக்காரர். ஆனால் எங்கள் தெருவுக்கு வெள்ளைக்காரப் பெண் என்றால் மதாம்தான். பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பிரெஞ்சில் நலம் விசாரித்தார். மதாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "இது வேற எடத்து மதாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மதாமுக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாத்தியார் பற்றாத பல்கலைக்கழகங்களாகத் தேடிப் போய்த் தன் செலவில் தங்கிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். போன வருடம் கம்போடியா, அதற்கு முன்னால் மடகாஸ்கர். இவரைப் போல இன்னும் பலர் இப்படி ஊர் ஊராகப் போகிறார்கள் என்று சித்தி சொன்னாள். மில் மூடிய பிறகு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா இதைக் கேட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"அரிசி பருப்பு குடுக்க வருவாங்க, ஊசி போட வருவாங்க. கணக்கு குடுக்கவா பிளேன் ஏறி வருவாங்க?" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து மதாமை டெம்போவில் ஏற்றிக் கல்லூரி வாசலில் இறக்கிவிடத் தொடங்கினார். கூலி வாங்கவில்லை. தாம் மட்டும் என்ன குறைந்தவரா என்ற எண்ணம்.

முதல் நாளே ஒரு சங்கடம் நடந்தது. அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். மதாம் சாப்பிட்டு முடித்ததும், குழம்பு எப்படி இருந்தது என்று சித்தியைக் கேட்கச் சொன்னாள். விருந்தாளியிடம் எல்லோரும் கேட்பதுதான். அதற்கு என்ன பதில் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மதாம் நன்றாக யோசித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் 'சால்ட்' மட்டும் எனக்குப் பிடிபட்டது. சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சும்மா இருப்பேனா? "உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாம்மா" என்றேன்.

"கேட்டா அப்படியே சொல்லிடறதா?" என்று அம்மா அடுப்படியில் இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மதாமைப் பிடித்துப்போனதற்குக் காரணம் சாக்பீஸ். நல்ல முழு சாக்பீஸ்களாக ஒரு பெட்டி வைத்திருந்தார். சாயங்காலம் மொட்டை மாடியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே யோசிப்பார். நான் குறுக்கே ஓடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் நான் சில்லு விளையாடக் கட்டம் போடுவதைப் பார்த்து, சாக்பீஸை வாங்கித் தானே எண்களை எழுதினார். ஐந்துக்கு அடுத்த கட்டத்திலும் ஐந்தையே எழுதினார்.

"தப்பு!" என்று கத்தினேன்.

அது என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். "தாப்பூ" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கையைத் தட்டி எனக்கொரு புது சாக்பீஸ் கொடுத்தார். மறுநாளும் எங்கேயோ ஓர் எண்ணை மாற்றி எழுதினார், மறுபடி பிடித்தேன், மறுபடி சாக்பீஸ். தினமும் இதே கதை. இந்த லட்சணத்தில் எண்ணத் தெரிந்த அம்மாள் எப்படி மடகாஸ்கர் வரைக்கும் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

அந்தக் கவலை எனக்கு மட்டும் இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. சித்தியும் அவளுடைய இரண்டு தோழிகளும் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மதாம் பலகையில் போட்ட ஒரு நிரூபணத்தில் நடுவில் ஓர் இடம் தப்பு. அதற்கு முந்தின நாளும் ஒன்று இருந்தது. மொத்த வகுப்பும் கவனித்திருக்கிறது. கவனித்து, ஆளாளுக்குத் தங்கள் நோட்டில் சத்தமில்லாமல் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"நீ சொல்லேன்டி, உங்க வீட்லதான தங்கிருக்காங்க" என்றாள் ஒரு தோழி.

"எப்படிடி சொல்றது? கைக்காசு போட்டு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துருக்காங்க. அத்தன பேரு எதுர்ல தப்புன்னு சொன்னா மனசு என்னா ஆவும்?" என்றாள் சித்தி.

"மதாமுக்குத் தப்பு சொன்னாப் புடிக்கும் சித்தி. எனக்கு சாக்பீஸ் குடுப்பாங்க" என்றேன் நான்.

"நீ வெளையாடப் போ" என்றாள்.

சித்தி பயந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்குத் திரும்பும்போது மதாம் இந்த வகுப்பிலிருந்து ஒருவரைத் தன் நாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சிபாரிசு செய்வார் என்று சொல்லிக்கொண்டார்கள். சித்தி அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. ஆனால் பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு விடிகாலையிலேயே எழுந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தோழிகள் பேச்சிலிருந்து இதைத் தெரிந்துகொண்ட அம்மாவோ முத்தியால்பேட்டையில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு வேலை உண்டு, வீடு உண்டு என்பதெல்லாம் பிறகுதான். "ஒரே டெம்போல போயி பாத்துட்டு வந்துடலாம்" என்பதைத்தான் முதலில் சொல்வாள். அவர்களைப் பெற்ற ஆயா இறந்தபோது சித்திக்கு அன்றைய என் வயதுதான். அதிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் அம்மா.

இரண்டு வாரம் போயிருக்கும். மாடியில் நடை அதிகமாகிவிட்டது. நாங்கள் கீழே சாப்பிடும்போது தலைக்கு மேல் மதாமின் காலடி போய்ப் போய் வரும். யாருக்கும் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. சித்தி ஒவ்வொரு திரும்பலுக்கும் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மதாம் கீழே இறங்கிவந்து, தான் ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார். பாதிப் பாடம் அப்படியே கிடந்தது. இந்தப் பிள்ளைகளுக்குத் தன்னால் எந்தப் பயனும் இல்லை, சுவரோடு பேசுவது போல் இருக்கிறது என்றார். சித்திதான் அதைத் தமிழில் சொன்னாள்.

அன்று அம்மா மதாமிடம் என்றுமில்லாத பிரியத்தோடு நடந்துகொண்டாள். உளுந்து ஊறவைத்து வடை சுட்டாள். வழிக்கென்று முறுக்கு பிழிந்தாள். எனக்கு இருந்த ஒரே துக்கம், சாக்பீஸ் போய்விடுமே என்பது.

மறுநாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. கடைசி வகுப்புக்கு நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்து டெம்போவில் ஏறிக்கொண்டேன். கடைசி பெஞ்சில் என்னை உட்காரவைத்து, "வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு சித்தி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பலகையில் இருந்ததில் ஒரு எழுத்தும் எனக்குப் புரியவில்லை. பாதிக்கு மேல் எண்களே இல்லை. அதனால் நான் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதாம் எழுத எழுத எல்லோர் முழங்கைகளும் ஒன்றாக அசைந்தன. எனக்குக் கால் துறுதுறுத்தது. திடீரென்று அத்தனை முழங்கைகளும் ஒரே சமயத்தில் நின்றன. ஒருத்தி பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். சித்தியின் கை பின்னல் நுனிக்குப் போனது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரும் குனிந்து மறுபடி எழுதத் தொடங்கினார்கள்.

நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். "மதாம், தப்பு!"

மதாம் சட்டென்று திரும்பினார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. "எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? நான் சித்தியைக் கைகாட்டினேன்.

சித்தி எழுந்து நின்றாள். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு பலகைக்குப் போனாள். மதாம் நீட்டிய சாக்பீஸை வாங்கி, நடுவில் ஒரு வரியை அழித்து எழுதினாள். பிறகு அதற்குக் கீழே இருந்த எல்லா வரிகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். "நேற்று?" என்றார் மதாம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நேற்றைய தப்பைச் சொன்னான். "அதற்கு முன்னால்?" இன்னொருத்தி சொன்னாள். வாய்பேசாத அந்த வகுப்பு ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தது.

மதாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரு தப்பை வேண்டுமென்றே போட்டுவந்தாராம். அவர் ஊரில் எழுதி முடிப்பதற்குள் யாராவது கையைத் தூக்கிவிடுவார்களாம். இங்கே யாரும் தூக்காததால், யாருக்கும் எதுவும் புரியவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார். மரியாதை தெரிந்த பிள்ளைகளாக இருந்து அவரைக் கப்பல் ஏற்றப் பார்த்தார்கள்.

மதாம் மாதம் முழுக்க இருந்தார். சித்தியைத்தான் சிபாரிசு செய்தார். மறு வருடம் போன சித்தி அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். இப்போது விடுமுறை கிடைத்தால் அவளும் எங்கேயாவது ஒரு நாட்டுக்குச் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுகிறாள். ரெட்டியார்பாளையத்துக்கு வர அவளுக்கு விடுமுறை போதுவதில்லை. போனில் அம்மா, "சாப்டியா?" என்று கேட்பாள், சித்தி "சாப்டேன்க்கா" என்பாள்.

இதெல்லாம் பின்னால் வந்தவை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் டெம்போ வாசலில் நின்றதும் நான்தான் முதலில் குதித்து ஓடி, நடந்தது முழுவதையும் மூச்சுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன். மதாம் போகவில்லை என்றேன். சித்தி பலகையில் எழுதினாள், எல்லோரும் கைதட்டினார்கள், மதாம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் என்றேன். அம்மா முறுக்குகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கின கை நின்றது. பளாரென்று என் முதுகில் ஓர் அறை விழுந்தது. நான் அழுவதற்கு முன்னாலேயே அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அடித்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"தப்பு சொன்னதுக்கா அடிச்ச?" என்று கேட்டேன்.

"இல்லடி" என்றாள்.

அடித்த காரணத்தை நானாகத்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. செருப்புக் காலோடு பெஞ்சின் மேல் ஏறி நின்றதற்காகத்தான் அடி என்று முடிவு செய்தேன். அதன் பிறகு வெகுகாலம், எங்கே எதன் மேல் ஏறினாலும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.