பத்து மணி டீயில் அக்கா சொல்லாமல் விட்டது

அக்கா மறைந்து ஒரு வருடம் திரும்புகிற இந்த நாளில், அவரவர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கம்பெனியில் உடன் உழைத்தவர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். எங்கள் இருவரில் எழுத்து வருவது அக்காவுக்குத்தான். தங்கையான எனக்கு வாய் மட்டும்தான் உண்டு. அதனால் மனதில் வருகிறபடியே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கணியூரில். அப்பா அங்கே தேங்காய் வியாபாரம் செய்தார். இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம் இருந்ததாகச் சொந்தத்தில் சிலர் சொல்வார்கள். நாங்கள் அப்படி எதையும் பார்த்ததில்லை. தாராபுரத்தில் விடுதியில் சேர்த்து அக்காவைப் படிக்க வைத்தவர் அவர்தான். பி.காம். முடித்த கையோடு அக்கா மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பூர் வந்தார். அன்றைக்கு மாமாவிடம் வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையும், கொஞ்சம் தையல் மெஷின்களும், தெருவையே எழுப்பிவிடும் ஒரு குரலும் இருந்தன. இதைப் படித்து மாமா கோபிக்க மாட்டார். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே வாசித்துக் காட்டிவிட்டேன்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. கம்பெனிதான் அவருக்குப் பிள்ளை என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பிள்ளை இல்லாத துக்கம் அவருக்குக் கடைசிவரை துக்கமாகவே இருந்தது. கம்பெனி கம்பெனியாக இருந்தது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று அவர் எதையும் நினைத்ததில்லை.

அந்தக் கம்பெனியை அக்கா எப்படி மாற்றினார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சாயப் பட்டறையிலிருந்து துணி ஒவ்வொரு தடவையும் ஒரே நிறத்தில் வராது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஏறும், இறங்கும். ஒரு தடவை வந்த துணியை இன்னொரு தடவை வந்ததோடு கலந்து வெட்டிவிடக் கூடாது. ஒருமுறை அப்படிக் கலந்துபோனது. தைத்து, தேய்த்து, பெட்டியில் அடுக்கிய பிறகு வாங்குபவரின் ஆள் வந்து பிரித்துப் பார்த்தால், சட்டையின் உடம்பு ஒரு நீலமாகவும் கை ஒரு நீலமாகவும் இருந்தது. சரக்கு முழுவதும் நின்றுபோனது. யார் செய்தது என்று மாமா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டகையிலும் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா யார் என்று கேட்கவில்லை. கட்டிங் மாஸ்டர் முருகேசனைத் தனியே உட்காரவைத்து, முதலில் எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டார். அவர் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், மானஸ்தர்.

"வெட்டும்போதே தெரிஞ்சிருச்சும்மா. முதலாளி சத்தத்துக்குப் பயந்துதான் வாயத் தெறக்கல" என்றார்.

அன்று அக்கா ஒருவரையும் திட்டவில்லை. அவருக்கு வந்த கோபமெல்லாம் அந்தப் பயத்தின் மேல்தான். நாம் போட்ட சத்தத்துக்குத்தான் இந்தச் சரக்கைப் பலி கொடுத்தோம் என்று மாமாவிடம் சொன்னார். பத்து மணி டீ அதற்குப் பிறகு வந்தது.

பத்து மணிக்கு எல்லா மெஷினும் நிற்கும். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், நான் வேலை பார்க்கும் ஆபீஸ் என்று எல்லோரும் டம்ளரோடு ஓரிடத்தில் நிற்க வேண்டும். தன்னால் ஆன தப்பை, தான் கண்ட தப்பை அங்கே சொல்லலாம். சொன்னவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இதில் அக்கா வைத்த ஒரு வழக்கம்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். முதல் தப்பை முதலாளிதான் சொல்ல வேண்டும். மாமாவோ அக்காவோ நேற்றுத் தாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மாமாவை இதற்குப் பழக்குவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆரம்பத்தில் ஒரு நாள், யோசித்துப் பார்த்தேன், நேற்று என்னிடம் தப்பே இல்லை என்று மாமா அறிவித்தார். தைத்த துணியை மடித்துக் கட்டும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பெண், நேற்று நூல் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்து போனீர்களே என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். மாமா முகம் சிவந்துபோய், சரி, அது என் தப்பு என்றார். அன்றைக்குத்தான் இந்த டீ நிலைக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்காக அக்கா தன் தப்பை அரைகுறை ஹிந்தியிலும் சொல்வார். அந்த ஹிந்தியே ஒரு தப்புதான் என்று அவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வாங்குபவர்களின் ஆட்கள் சோதனைக்கு வருவார்கள் என்று வாசலில் ஒரு புகார்ப் பெட்டி மாட்டியிருந்தோம். அதன் பூட்டு துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போய்விட்டது. ஏன் ஒரு புகாரும் இல்லை என்று அவர்கள் சந்தேகப்பட்டபோது, அக்கா அவர்களைப் பத்து மணிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்புவார்களா என்று மற்ற கம்பெனிகள் கவலைப்படும் நாட்களில், எங்கள் ஆட்கள் கூடவே தம்பி தங்கைகளையும் அழைத்து வந்து இறங்குவார்கள். இதெல்லாம் உங்களில் பலர் கண்ணால் பார்த்தது.

இப்போது எழுதக் கை வராத இடத்துக்கு வந்துவிட்டேன்.

போன வருடம் பங்குனியில், மேலே தொங்கிய ஒரு சாம்பிளை எடுக்க அக்கா வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் இழுத்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். சுளுக்கு என்றார். நான் விடவில்லை. கோவைக்கு அழைத்துப்போனேன். சோதனையெல்லாம் முடிந்து டாக்டர் எங்களை எதிரே உட்காரவைத்து, மார்பில் இருந்த கட்டி முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டார். அக்கா முருகேசன் மாஸ்டரிடம் கேட்ட அதே கேள்வி. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன ஆடியிலயேங்க."

நோய் எங்கெல்லாமோ போய்விட்டது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பாதிதான் கேட்டது. ஆடியிலிருந்து பங்குனி வரை தினமும் பத்து மணிக்கு எங்கள் நடுவில் நின்று, தேதியை மறந்தேன், பட்டன் நிறத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று என்னென்னவோ தப்புகளைச் சொன்ன வாய் இதைச் சொல்லவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அக்காவைத் திட்டினேன். நோயாளியைத் திட்டலாமா என்று இப்போது யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஊருக்கெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏன் மூடிக்கொண்டீர்கள் என்று கத்தினேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா இருந்தாச் சொல்லியிருப்பேன் கண்ணு. இது நோவுதானே. இதைச் சொல்லி எல்லாரையும் எதுக்குக் கலங்கடிக்கோணும்?"

முதலாளியம்மாவுக்கு முடியவில்லையாம் என்று வெளியே தெரிந்தால் ஆர்டர் கொடுப்பவர்கள் தயங்குவார்கள், இத்தனை பேருக்கும் வேலை என்ன ஆகும் என்றும் பயந்திருக்கிறார். தப்பைச் சொல்ல ஓரிடம் கட்டிவைத்த அக்கா, நோவைச் சொல்ல அங்கே இடம் வைக்கவில்லை. எங்களுக்கும் அது தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுக்கையில் இருந்த நாட்களில் தினமும் நான் உள்ளே நுழைந்ததும், இன்று டீயில் யார் என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்பார். ஒரு நாள் வந்து நானே இதையும் சொல்லிவிடுகிறேன் என்றார். நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போக முருகேசன் மாஸ்டர் ஆட்களைக்கூட ஏற்பாடு செய்திருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. சித்திரை முடியும் முன் அக்கா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய அன்று பத்து மணிக்கு எல்லோரும் டம்ளரோடு நின்றோம். யாரும் குடிக்கவில்லை. மாமாதான் பேச வேண்டும். எத்தனையோ தடவை நடுங்கவைத்த அந்தக் குரல் அன்றைக்குத் தாழ்ந்துதான் வந்தது.

"மொதத் தப்பு என்னுதுங்க. ஒரே ஊட்டுல இருந்தும் அவ நோவு எனக்குத் தெரியல. எங்கிட்டச் சொல்லலாம்னு அவளுக்குத் தோணாத மாதிரி நான் இருந்திருக்கறனுங்க."

பிறகு செக்கிங் பிரிவில் இருக்கும் ஜெபமணி முன்னால் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அதிர்ந்து பேசமாட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"எனக்கும் அக்காவுக்கு இருந்த மாதிரி ஒரு கட்டி தட்டுப்படுதுக்கா. எங்க வீட்டுக்காரர்ட்ட கூட நான் இன்னும் சொல்லல."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்று மதியமே கம்பெனி வேனில் அவரை அக்காவுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

அக்காவின் கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் செவிலியர்களுக்கும், முறைவைத்து ஆஸ்பத்திரியில் உடன் படுத்திருந்த தையல் பிரிவுப் பெண்களுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டி எடுத்த வேன் டிரைவருக்கும், வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட கணியூர்ச் சொந்தங்களுக்கும், சரக்கு தாமதமானபோது பொறுத்துக்கொண்ட வாங்குபவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஜெபமணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வைத்தியம் முடிந்து போன மாதம் வேலைக்குத் திரும்பினார். நல்லவேளை, ஆரம்பத்திலேயே சொன்னீர்கள், அதனால்தான் குணமாயிற்று என்று டாக்டர் சொன்னதைப் பத்து மணி டீயில் எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மாமாவும் தட்டினார். பிறகு டீ முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா போனதிலிருந்து வாய்விட்டு அழாத மனிதர் அன்றுதான் அழுதார். அத்தனை மெஷின் சத்தத்திலும் அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.