அடுத்த சுற்றுக்குத் தேர்வான கண்

மழலையர் பள்ளிகளுக்குப் போய்க் கண் பரிசோதிக்கும் அந்த அம்மாளை எல்லாரும் 'அட்டை அக்கா' என்பார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரு பட அட்டை, ஓர் அளவு நாடா, பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொண்ட சளி. இவைதான் அவர் சேர்த்த சொத்து.

அன்றைக்குப் போன பள்ளியில் அட்டையை ஆணியில் மாட்டக்கூட இல்லை, முப்பது குரல்கள் ஒப்பித்தன: "வீடு, குடை, பந்து, மரம்!"

வகுப்பு டீச்சருக்கு வாயெல்லாம் பல். "போன வருஷமே உங்க அட்டையைப் போட்டோ எடுத்து வெச்சுட்டேன்க்கா. ஒரு மாசமா தினம் ரெண்டு வேளை படிக்க வெச்சேன்."

அக்கா பெருமூச்சு விட்டு, படங்களைத் தாறுமாறாகத் தொட்டுக் கேட்க ஆரம்பித்தார். ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி, இடது கண்ணை மூடியபோது மடமடவென்று சொன்னாள். வலது கண்ணை மூடியதும் அக்காவின் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மூடினால் தலையைச் சாய்த்து விரலிடுக்கில் பார்த்தாள். மூன்றாம் முறை கடித்தாள்.

"கொஞ்சம் முரண்டு. ரெண்டு நாள் குடுங்க, வழிக்குக் கொண்டுவந்துடறேன்" என்றார் டீச்சர்.

"முரண்டு இல்ல டீச்சர். வலது கண்ணை வெச்சுத்தான் இவ பார்க்கறா. இடது கண்ணு சோம்பி உக்காந்திருக்கு. இப்பவே டாக்டர்கிட்ட போனா வேலை வாங்கிடலாம். வருஷம் போச்சுன்னா கஷ்டம்."

தலைமையாசிரியை ஓடி வந்தார். 'பார்வையில் நூறு சதவீதம்' என்று வாசலுக்குப் பலகையே எழுதி வாங்கியாகிவிட்டது. "இவ இன்னிக்கு லீவுன்னு போட்டுக்குங்களேன்." லீவில் இருந்தவள் தலைமையாசிரியையின் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிப் பள்ளியில் கொடுத்தால் அது எந்த மேஜை இழுப்பறையில் தூங்கும் என்று அக்காவுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினார். "ஃபெயில்னு யாரு சொன்னா மேடம்? அடுத்த சுற்றுக்கு இவ ஒருத்திதான் போறா. பெரிய ஆஸ்பத்திரி. அம்மா கூட வரணும்."

"ஸ்கூல் பேரு அங்க வருமா?"

"சீட்டுல முதல் வரியே அதுதான்."

அரை மணியில் பிள்ளையின் அம்மா வந்து நின்றாள். அவளைத் தனியே கூப்பிட்டு, அக்கா உள்ளதை உள்ளபடி சொல்லி, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

திங்கட்கிழமை ரெட்டைப் பின்னல்காரி வலது கண்ணை மறைக்கும் ஒட்டுடன் வந்தாள். இடது கண் வேறு வழியின்றி வேலைக்குக் கிளம்பியிருந்தது. புதன்கிழமை தலைமையாசிரியையின் அறையில், 'அடுத்த சுற்று' சேதியைக் கேள்விப்பட்ட இரண்டு அப்பாக்கள்.

"எங்க பையன் எதுல குறைஞ்சுட்டான்னு அவனுக்கு ஒட்டல?"