ஒரே நாளில் போட்ட தரை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பழைய வீட்டு மேல்மாடிக்கு மரத்தரை. கறையான் அதை உள்ளுக்குள்ளேயே தின்று முடித்திருந்தது. ஒரு காலை என் கணவரின் கால் முழங்கால்வரை பலகைக்குள் போனபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. சண்டைக் காலம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, தரையை மாற்றத்தான் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்காக எங்களோடு தங்கியிருந்தான். வடக்கிலிருந்து வருகிறவர் எந்த வீட்டில் இரவு தங்குகிறார் என்று பொலிஸில் பதிய வேண்டும்; எங்கள் முகவரியில் அவனைப் பதிந்துதான் வைத்திருந்தோம். ஆனாலும் எனக்கு நெஞ்சிடி. வடக்கிலிருந்து ஒரு புதுமுகம் வந்திருக்கிறது என்று யாராவது போட்டுக்கொடுத்தால் பதிவுத் துண்டை யார் பார்க்கப்போகிறார்கள்?

நுகேகொடையிலிருந்து ஒரு சிங்களத் தச்சர் அளவெடுக்க வந்தார்; தச்சர்களை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். தம்பியிடம் பின்னறையை விட்டு வெளியே வராதே என்று சொல்லிவிட்டு நான் கீழே தேநீர் ஊற்றினேன். அளந்து முடித்து இறங்கி வந்த பாஸ் மூன்று வழி சொன்னார். வெறும் பலகையை அடித்து, வீட்டிலேயே மெஷினால் தேய்த்து வார்னிஷ் பூசினால் ஏழு நாள். தேய்த்து வரும் பலகையென்றால் பூசிக் காயவிட நான்கு நாள். தேய்த்துப் பூசியும் முடித்த பலகை கடையில் இருக்கிறது, அதை அடிக்க ஒரே நாள் போதும். ஆனால் பழைய வீட்டில் அது மட்டமாக உட்காராது, பலகை ஓரங்கள் காலில் தட்டும்.

“ஏழு நாள் வேலைதான் நல்லம், நோனா. மேல எத்தினை பேர் படுக்கிறது?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதனுக்கு ஏன் எங்கள் வீட்டில் ஏழு நாள் வேண்டும்? படுக்கிறவர்களை எண்ணி யாருக்குச் சொல்லப்போகிறான்?

“வார்னிஷ் மணத்துக்குள்ள படுக்கேலாது எண்டுதான் கேக்கிறார். உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்” என்றார் என் கணவர், பாஸ் போனபிறகு.

“சந்தேகப்பட்டபடியால்தான் இவ்வளவு நாளும் தப்பி இருக்கிறம்” என்றேன். ஒரு நாள் பலகைதான் என்று முடிவு செய்தேன். என் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

வேலை நாளன்று காலையிலேயே தம்பியைக் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பொழுதுபடத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மத்தியானம் பாஸ் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தார்.

“தம்பி எங்க, நோனா? இண்டைக்குக் காணேல்ல.”

தம்பி இருக்கிறான் என்று நான் ஒரு சொல் சொன்னதில்லை. “எந்தத் தம்பி?” என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

வேலை நாலு மணிக்கே முடிந்துவிட்டது. ஆனாலும் சித்தி வீட்டுக்கு போன் எடுத்தேன். “இண்டைக்கு வராதை. அங்கயே படு.”

“என்ர பதிவு உங்கட வீட்டிலயெல்லோ, அக்கா?”

“ஒரு இரவுதானே. சொல்லுறதைக் கேள்.”

மறுநாள் விடியக் கொட்டாஞ்சேனையில் பொலிஸ் சுற்றிவளைப்பு, வீடுவீடாகச் சோதனை. வெள்ளவத்தையில் பதிந்தவன் இங்கே ஏன் படுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். என் கணவர் சட்டத்தரணியோடு நான்கு நாட்கள் அலைந்து அவனை மீட்டு வந்தார். அந்த நான்கு நாட்களும் நான் பாஸைத் திட்டாத திட்டில்லை. எங்கள் வீட்டுக்கு ஒருவரும் சோதனைக்கு வரவில்லை என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை.

தம்பி வந்து புதுத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். வலது கையை மடிக்குள் வைத்திருந்தான்.

“அந்தப் பாஸ்தான் உன்னைக் காட்டிக்குடுத்தவன். நீ இருக்கிறது அவனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“அளக்க வந்த அண்டைக்கு நாடாவின்ர மற்ற நுனியை நான்தான் பிடிச்சனான், அக்கா. நீங்கள் குசினியில நிண்டனீங்கள். பாவம், தனிய நிண்டு அந்தரப்பட்டார். பலகை அடிக்கேக்கயும் வாறன் எண்டு சொன்னனான். அதுதான் கேட்டிருப்பார்.”

நாடாவைப் பிடித்த விதத்தைக் காட்டக் கையை நீட்டினான். இரண்டு விரல்கள் வீங்கி, நகங்கள் கறுத்திருந்தன. அந்த இரவு அவனை அங்கே படுக்கச் சொன்னது நான்.